சாவடி தாண்டினால் மகளுக்குத் தெரியும்

நெடுஞ்சாலையில் வலது ஓரமாக நாற்பதில் உருட்டிக்கொண்டு போகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. பறக்கிறவர்களைக்கூட மன்னித்துவிடுவேன். அவர்களுக்கு எங்கேயோ போய்ச் சேர வேண்டிய அவசரம். இந்த நாற்பது ஆசாமிகள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மாமனார் எழுதிக் கொடுத்த சாலைபோல ஆடி அசைந்து போவார்கள். ஹாரன் அடித்தால் கண்ணாடியில் பார்ப்பார்கள். பின்னால் வருவது ஒரு பெண், அதுவும் தலை நரைத்தவள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போவார்கள். நான் இடது பக்கமாக ஏறிப் போய்விடுவேன். அது தப்பு என்று எனக்கும் தெரியும்.

முகப்பு விளக்கை மின்னி மின்னிக் காட்டினால் வெளிநாட்டில் ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று அர்த்தமாம். என் மகள் சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் ‘நான் நிற்கிறதாக இல்லை, உன் பாடு’ என்று அர்த்தம். பூந்தமல்லி தாண்டினால் இந்த விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும். அதற்கு முன்னால் வேலப்பன்சாவடியில் எதிர்த் திசையில் ஏறி வரும் பைக்குகள். அவர்கள் நம்மைப் பார்த்து முறைப்பார்கள், நாம்தான் ஏதோ அவர்கள் வழியில் குறுக்கே வந்துவிட்டதுபோல. நானும் பதிலுக்கு முறைப்பேன். அன்றைய தினத்தில் வேறொரு மனிதரோடு எனக்கு ஏற்படும் முதல் தொடர்பு பல நாட்களில் அதுவாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் பேச எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. கார் ஓட்டக் கற்றதே ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். அதுவரை ஓட்டியவர் என் கணவர். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறவள். ஒரு மார்கழிக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு கார், அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், உறையைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் நின்றது. எங்கள் வாட்ச்மேன்தான் ஒரு நாள் பேச்சை எடுத்தார். நூம்பலில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பத்து ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

“இன்னாம்மா, வண்டி சும்மாவே நின்னுகினு கீது. பேட்டரி பூடும். ஒண்ணு வித்துடு, இல்லாங்காட்டி நீயே ஓட்டு,” என்றார்.

விற்க மனம் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் நான் அப்போது வேலையில் இருந்தேன். வேலை விட்டு வரும் வழியில், மண்ணூர்பேட்டையில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கிருந்த மாஸ்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொறுமை மட்டும் துளியும் கிடையாது. “இன்னாம்மா, கிளச்சை மெறிச்சுகினே கீற? அது இன்னா தையல் மிஷினா?” என்பார். மறுநாளும் மெறிப்பேன், மறுநாளும் அதையே சொல்வார். எனக்கு அந்த ஏச்சு பிடித்திருந்தது. வீட்டில் என்னை ஏச ஆளில்லாமல் போயிருந்த நேரம் அது.

நான் உரிமம் வாங்கிய சமயத்தில் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஐடி கம்பெனிகளில் இருக்கிறார்கள். எனக்கு அவள் ஒருத்திதான். கணவர் பெயரில் காரில் ஒட்டியிருந்த பழைய பாஸ்டேக் செல்லாமல் போயிருந்தது. சுங்கச்சாவடியில் வண்டி நுழைந்ததும் தானாகக் காசு எடுத்துக்கொள்ளுமே, அந்த ஸ்டிக்கர். மகள் புதிதாக ஒன்றை வரவழைத்து முன் கண்ணாடியில் அவளே ஒட்டினாள். பதிவு செய்யும்போது தன் போன் எண்ணையே கொடுத்துவிட்டாள். “உனக்கு எதுக்கும்மா ஓடிபி, ரீசார்ஜ்னு தலைவலி? நான் பாத்துக்கறேன்,” என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற புதிதில், கூட வேலை பார்த்த ஒருத்தி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தாள். முதல் முறையாக அவ்வளவு தூரம் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். சாவடியில் தடுப்புக் கட்டை தூக்கிக்கொண்டது, தாண்டினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் போன் அடித்தது. வேலை நாளில், முற்பகலில், மகள்.

“அம்மா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி எங்க போயிட்டிருக்க?”

எனக்குப் பகீரென்றது. காரை ஓரம் கட்டினேன். “உனக்கு எப்படித் தெரியும்?”

“டோல்ல காசு எடுத்தா எனக்கு மெசேஜ் வருமில்ல. தனியாவா போற? ஹைவேல போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

இது என்ன, சொந்தத் தாயையே வேவு பார்க்கிற வேலை என்று முதலில் கோபம்தான் வந்தது. அவளிடம் கிரகப்பிரவேசத்தைச் சொன்னேன். என்ன புடவை என்று கேட்டாள். அந்த மாம்பழ நிறப் பட்டு என்றேன். “அதைக் கட்டிக்கிட்டா கார் ஓட்டற?” என்று சிரித்தாள். சாப்பாடு என்ன போட்டார்கள் என்று வந்து சொல் என்றாள். சாயங்காலம் திரும்பும்போது சாவடியைத் தாண்டினேன், வீட்டுக்குள் நுழைவதற்குள் மறுபடியும் போன். “திரும்பிட்டியா? சரி, மெதுவா போ.” என் கணவர் போன பிறகு, நான் ஒரு இடத்துக்குக் கிளம்பியதும் திரும்பியதும் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் இரவு பாலில் உறை ஊற்ற மறந்துபோனேன்.

தொழில்நுட்பம் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் யாரோடும் பேச வேண்டாம் என்று யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து முடிவு செய்து, அதன்படி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வருகிறார்கள். பால் விடிவதற்கு முன் கதவுப் பிடியில் பையில் தொங்குகிறது. போடுகிறவர் ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. காஸ் சிலிண்டருக்கு ஒரு மிஸ்டு கால் போதும். சாவடியிலும் முன்பெல்லாம் கூண்டுக்குள் இருக்கும் பெண் “சில்லறை இல்லையா?” என்று அலுத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு ஒரு மிட்டாயை நீட்டும். என் கணவர் அதற்கு ஒரு சண்டை பிடிப்பார். இப்போது சண்டைக்குக்கூட ஆளில்லை. கட்டை தூக்குகிறது, போகிறோம். எல்லாம் சீக்கிரமாகத்தான் நடக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குடியிருப்பிலும் ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். வாசலில் யார் வந்தாலும் நம் போன் அடிக்கும். விடலாமா, வேண்டாமா என்று கேட்கும். எடுக்காவிட்டாலும் கூரியர் பையன்களை விட்டுவிடுவார்கள். என் போன் அடித்தால் பத்தில் ஒன்பது முறை அதுவாகத்தான் இருக்கும். ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடி என்று ஆசையாக வாங்கிய வீடு. ஏரியும் நானும் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். லிஃப்டில் பார்த்தால் “ஆன்ட்டி, நல்லாருக்கீங்களா?” என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் தரைத்தளம் வந்துவிடும். நல்ல பிள்ளைகள்தான், அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை, துணி துவைக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் சரியான அடி. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. போன் கூடத்தில் இருந்தது. தரையின் ஈரம் புடவையில் ஏற ஏற, மேலே தொங்கும் துணிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போது போன் அடித்தது. யாராவது அழைக்கிறார்கள், எடுக்கவில்லை என்றால் பதறுவார்கள், யாரையாவது அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அடித்துவிட்டு நின்றுபோயிற்று. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஏதோ வைக்கிற சத்தம். “யாரு?” என்று கத்தினேன். கூரியர் பையன்கள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

அப்புறம் சுவரைப் பிடித்து, குழாயைப் பிடித்து, எப்படியோ எழுந்துவிட்டேன். எலும்பு உடையவில்லை, சதைதான் கன்றிப்போயிருந்தது. கூடத்துக்கு வந்து போனைப் பார்த்தேன். அடித்தது வாசல் ஆப். பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு செய்தியும், அத்தாட்சிக்கு ஒரு படமும் வந்திருந்தன. படத்தில் என் வீட்டுக் கதவு, மிதியடி, அதன்மேல் அட்டைப்பெட்டி. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நான் கிடந்த நேரத்தில் எடுத்த படம். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்திருக்காமல் போயிருந்தால் முதலில் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தேன். பால் பை மூன்று நாள் சேர்ந்து தொங்கினால் ஒருவேளை வாட்ச்மேன் கேட்டிருப்பார். பயந்துபோய் அழுதேன்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடத்தில் கேமரா மாட்டிவிடுவாள். முன்பே ஒரு முறை அந்தப் பேச்சு வந்து, நான் என்ன நகைக்கடையா என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். பெங்களூருக்கு வந்துவிடு என்பாள். அவர்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் தூங்குகிறார்கள், இன்னொன்றில் மாப்பிள்ளை நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருப்பார். போன முறை போனபோது மிக்சியைப் போடக்கூட நேரம் கேட்டுக்கொண்டு போட்டேன். வா என்று அவள் மனசாரத்தான் சொல்வாள். போனால் எல்லாருக்கும் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

நானே போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்வேன். “மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்று அவள் போனே எனக்குப் பதில் அனுப்பிவிடும். அப்புறம் என்பது இரவு ஆகும், சில நாள் மறுநாள் ஆகும். பொய் சொல்லவில்லை, அவள் வேலை அப்படி. மூன்று முறை அப்படிப் பதில் வந்த பிறகு நான்காம் முறை கூப்பிட எனக்கு ரோஷம் வந்துவிடும். பெற்றவளாக இருந்தாலும் எத்தனை முறைதான் கதவைத் தட்டுவது?

இடுப்பு வலி குறைந்து மறுபடி கார் ஓட்ட முடிந்த அன்று, எங்கும் போகிற வேலை இல்லாமலே கிளம்பினேன். பூந்தமல்லி, தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், சாவடி. தாண்டி, பாலத்துக்கு அடியில் திரும்பி, ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். டீ வருவதற்குள் போன் அடித்தது.

“எங்கம்மா?”

“சும்மாதான். காத்தாட ஒரு டிரைவ்.”

“நீயா?” என்று சிரித்தாள். அப்புறம் அவள் மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் திட்டினாள். கத்தரிக்காய் கசந்துபோனதைச் சொன்னாள். டீ ஆறிப்போகும்வரை பேசினோம்.

என் கணவர் வெளியூர் போகிற காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தலைமுறையில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. இரண்டு முறை அடித்து நின்றால் ஆள் பத்திரம் என்று அர்த்தம். நான் செய்ததும் அதுதான், சாவடி மூலமாக ஒரு மிஸ்டு கால். ‘அம்மா எழுந்துவிட்டாள், குளித்துவிட்டாள், வண்டி ஓட்டுகிறாள், பத்திரமாக இருக்கிறாள்.’ அது போய்ச் சேர்ந்துவிடும். நான் கூப்பிட்டதாகவும் ஆகாது, ரோஷத்துக்கும் பங்கமில்லை. வாரத்தில் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தது, இரண்டு நாளாயிற்று. சில வாரங்களில் மூன்று.

“இன்னாம்மா, டெய்லி கெளம்பிடுற? எங்கனா வேலைக்குப் போறியா?” என்று வாட்ச்மேன் கேட்டார்.

“சும்மாத்தான், கொஞ்ச தூரம் போயிட்டு வரேன்.”

“பெட்ரோல் விக்கிற வெலைல சும்மா போறியா? எங்க ஊட்ல சும்மா டிவி போட்டாலே திட்டுது.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் வீட்டில் திட்ட ஆள் இருந்தது, அதுவும் எனக்குக் கேட்டது.

எதுவும் பழகிவிட்டால் இப்படித்தான். கொஞ்ச நாள் போன் வந்தது. அப்புறம் போனுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் ‘எங்க?’ என்று ஒரே வார்த்தை. ‘சும்மா’ என்று எழுதுவேன். அப்புறம் ‘எங்க’வும் நின்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் மட்டும் வந்தது. கடைசியில் அதுவும் நின்றது. ஆனாலும் செய்தி அவளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, பார்க்காமலா இருப்பாள் என்று நான் போய்க்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரை குறைத்து டீ போட ஆரம்பித்திருந்தார். போனை டேஷ்போர்டில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் குடிப்பேன். சும்மாவே இருக்கும்.

ஒரு நாள் பிடிவாதம் வந்தது. பாலத்தடியில் திரும்பவில்லை. நேராக ஓட்டினேன். காஞ்சிபுரம் பிரிவு தாண்டி, வாலாஜாவுக்கு முன்னால் வரும் அடுத்த சாவடியையும் தாண்டினேன். இந்தச் சாவடிப் பெயர் இவளுக்குப் புதிது, இதற்காவது கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். கேட்டாள்.

“வாலாஜாவா? அம்மா, என்ன ஆச்சு? இங்க வந்துட்டிருக்கியா என்ன?”

அந்தக் கேள்வியில் ஆசை இருந்ததா, அச்சம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆமாம் என்றிருந்தால் இன்னும் சில மணி நேரத்தில் அவள் வாசலில் நின்றிருப்பேன். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம் கேட்டது. அவள் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து பேசுகிறாள் போல.

“சேச்சே. ஆற்காடு மக்கன் பேடா வாங்கலாம்னு வந்தேன்,” என்றேன்.

“மக்கன் பேடாவா? உனக்கு சுகர்மா. என்னம்மா பண்ற நீ? வாரத்துல மூணு நாள் டோல் மெசேஜ் வருது. ஏதாவது பிரச்னையா? மனசு சரியில்லையா? சொல்லு.”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. ஆனால் ‘மனசு சரியில்லையா’ என்று அவள் கேட்ட விதம், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல இருந்தது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “ஏன், நான் எங்க போறேன், எதுக்குப் போறேன்னு ஒவ்வொரு தடவையும் உனக்குக் கணக்குச் சொல்லணுமா? எனக்குன்னு ஒரு இஷ்டம் கிடையாதா?” என்றேன். “சரிம்மா. பாத்துப் போ,” என்று வைத்துவிட்டாள்.

சொன்ன பொய்க்காக ஆற்காடு வரை ஓட்டிப்போய் மக்கன் பேடா வாங்கினேன். திரும்பி வந்து டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

“இன்னாம்மா விசேஷம்?”

“பொண்ணு பேசுனா,” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “பேசட்டும், பேசட்டும், நல்லதுதான்,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை, நான் எதுவும் செய்யாமலே மகள் கூப்பிட்டாள். சாவடி கிடையாது, ஒன்றும் கிடையாது, தானாக. அன்று அதட்டிப் பேசிய என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், குரலில் அதன் சுவடே இல்லை. என் பழைய முட்டிவலி எப்படி என்றாள். பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தாளாம், உருண்டையெல்லாம் குழம்பில் கரைந்துபோனதாம். முதலில் ஆவியில் வேகவைத்துப் போட வேண்டும் என்று நான் விளக்கமாகச் சொன்னேன். துவரம்பருப்போடு கொஞ்சம் கடலைப்பருப்பு சேர்க்கச் சொன்னேன். சொல்லிக்கொண்டே கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

பேச்சு நடுவில், “அம்மா, உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும் பாரு. வந்ததும் படி,” என்றாள்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று வங்கி சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, இவளே தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். இவள் யாரோவா? எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தப்பாகிவிட்டால் போனை வைத்துவிடுவாளோ என்று, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

“அவ்வளவுதான், முடிஞ்சுது. பாஸ்டேக்ல உன் நம்பரை மாத்திட்டேன். டோல் மெசேஜ் இனிமே உனக்கே வரும்.”

“எதுக்கு?” என்றேன்.

“நீ அன்னிக்கு சொன்னது சரிதாம்மா. எனக்கும் அப்புறம் கஷ்டமா இருந்துச்சு. அப்பா இருந்தப்ப எங்க போறீங்கன்னு அவரை யாராவது கேட்டோமா? உன்னை மட்டும் ஏன் கேக்கணும்? ரீசார்ஜ் எப்பவும்போல நானே போட்டுடறேன். நீ ஜாலியா சுத்து. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

அவள் குரலில் அன்புதான் இருந்தது. யோசித்து, வருத்தப்பட்டு, எனக்கு நல்லது என்று நினைத்துச் செய்திருக்கிறாள். கோபத்தில் செய்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், மாற்றாதே என்று சொல்லியிருப்பேன். “நல்லதாப் போச்சு,” என்றேன். உருண்டைக் குழம்பை நாளைக்கே வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அன்று மத்தியானம் நான் சமைக்கவில்லை. மோரைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளை நானே என் கையால் விலக்கிவிட்டேன்.

சில நாள் வண்டியை எடுக்கவில்லை. பேட்டரி போய்விடும் என்று வாட்ச்மேன் மறுபடியும் சொன்னார். ஒரு புதன்கிழமை கிளம்பினேன். போக வேண்டிய இடம் வேறு எதுவும் எனக்கு இல்லை, அதனால் அதே வழி. தண்டலம் அருகே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வலது ஓரத்தில் வழக்கம்போல ஒரு நாற்பது ஆசாமி. அன்றைக்கு ஹாரன் அடிக்கத் தோன்றவில்லை. அவன் பின்னாலேயே நானும் நாற்பதில் போனேன்.

சாவடியில் கட்டை தூக்கிக்கொண்டது. தாண்டியதும் பக்கத்து இருக்கையில் போன் ஒலித்தது. எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. ஓரம் கட்டிக் கண்ணாடியை மாட்டிப் படித்தேன். டியர் கஸ்டமர் என்று ஆரம்பித்து, என் வண்டி எண்ணையும், சாவடியின் பெயரையும், நான் தாண்டிய நேரத்தையும் ஆங்கிலத்தில் எனக்கே தெரிவித்திருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் எதையும் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அப்படி அனுப்புகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அன்று அந்தச் செய்தியை அப்படியே எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். இரண்டு டிக் விழுந்தது. லாரிகள் போகப் போக கார் லேசாக ஆடியது. டிக் நீலமானது. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நான் வண்டியின் ஏசியை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

‘வந்துடுச்சா, சூப்பர்மா. அப்ப நம்பர் சரியாதான் மாறியிருக்கு. இனிமே எனக்கு அனுப்ப வேண்டியதில்ல.’ பக்கத்தில் கட்டைவிரல்.

நான் எழுத ஆரம்பித்தேன். ‘அன்னிக்கு துணி துவைக்கற இடத்துல விழுந்துட்டேன்’ என்பதுவரை எழுதினேன். அவள் பெயருக்குக் கீழே இருந்த ‘ஆன்லைன்’ போய்விட்டது. மீட்டிங் ஆரம்பித்திருக்கும். எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, ‘சரிம்மா’ என்று அனுப்பினேன்.

டீக்கடையில் நிற்காமல் பாலத்தடியில் திரும்பினேன். வீட்டுக்குப் போக மறுபடியும் அதே சாவடியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டினேன். பக்கத்து இருக்கையில் போன் ஒலித்தது. யார் என்று நான் பார்க்கவில்லை.